மூன்றாவது மெஷினும் உங்கள் மகனின் வேலையும்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

மூத்த மருமகன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் ஒருவாறு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இரண்டாவது தணியவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் மகன் போனில் சொன்னது அத்தனையும் உண்மை. திங்கட்கிழமை காலை ஆறு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியின் பார்வையாளர் கூடத்திலிருந்து "ஐயோ" என்று அலறிக்கொண்டு ஓடியது நான்தான். ஓடுகிற ஓட்டத்தில் அவனை உள்ளேயே விட்டுவிட்டு, கதவை இழுத்து வெளியே தாழ்ப்பாள் போட்டதும் நான்தான். ஐம்பத்திரண்டு வயது, மீசை, சட்டையில் 'கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்' என்ற அட்டை, எல்லாம் என்னோடுதான் ஓடி வந்தன. புத்தி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. "அத்தான், நான் உள்ள இருக்கேன்!" என்று அவன் கதவைத் தட்டியது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும் நான் போய் ஒரு ஆம்புலன்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவனைத் திறந்துவிட்டது தரை துடைக்கிற ஆயாம்மா. இதை உங்கள் மகளிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து திருத்த வேண்டாம்.

நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த உங்களுக்கு, விஷயத்தை நடுவில் ஆரம்பித்தால் பிடிக்காது என்று தெரியும். முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் பார்வையாளர் கூடத்தில் நான்கு மெஷின்கள் இருக்கின்றன. ஆளுயர இரும்புப் பெட்டி, முகத்துக்கு நேரே கண்ணாடித் திரை, இடுப்பு உயரத்தில் எழுத்துப் பலகை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வரிசையில் வந்து திரையில் நாலு கட்டங்களை நிரப்ப வேண்டும்: உங்கள் பெயர், யாரைப் பார்க்க வந்தீர்கள், என்ன உறவு, நோயாளிக்குச் சொல்ல வேண்டியது ஏதேனும். நிரப்பினால் அனுமதிச் சீட்டு வரும், சொல்ல வேண்டியது வார்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான் அந்த மெஷினின் வேலை. ஆனால் நம் ஜனங்கள் ஒரு மெஷினை அவ்வளவோடு விடுவார்களா? திரையின் மூலையை அழுத்திப் பிடித்தால் படிவம் விலகி உள்ளே முழுக் கம்ப்யூட்டர் தெரியும் என்று எவரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஒன்றாவது மெஷினில் சீட்டாட்டம். நான்காவதில் யாரோ தன் மகளின் ஜாதகத்தைப் பதினோரு பிரதி எடுத்துக்கொண்டு போனார், எங்கள் அனுமதிச் சீட்டுத் தாளில், எங்கள் முத்திரையோடு. மேலிடத்துக் குழு ஆய்வுக்கு வந்த அன்று இரண்டாவது மெஷின் முழுச் சத்தத்தில் ஒரு குத்துப் பாட்டை ஓடவிட்டுக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் தாளம் போடவில்லை. மறுநாள் கண்காணிப்பாளரிடமிருந்து சுற்றறிக்கை: 'பொது மெஷின்களுக்குள் அனுமதியில்லாத நுழைவு இனி ஒருமுறை நடந்தாலும் சம்பந்தப்பட்டவர் வேலையில் நீடிக்க முடியாது.'

சம்பந்தப்பட்டவர் யார் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாது. எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்த பிறகு யார் முன்னால் நிற்கிறாரோ அவர்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் அது கூடத்துச் சாவியை வைத்திருப்பவர். அதாவது உங்கள் மகன், நம் சின்னவன். இங்கே அவனுக்குப் பூட்டு என்றே பெயர். இரவு எட்டுக்குக் கூடத்தைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்ப்பான், பத்தடி போவான், திரும்பி வந்து நாலாம் தரம் இழுப்பான். நாற்பத்து மூன்று வயதில் அவன் மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் பார்த்த முதல் வேலை இதுதான் என்பதும், இது கிடைத்த பிறகுதான் அவன் மனைவி அவள் அம்மா வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தாள் என்பதும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

ஆகவே நான் பாதுகாப்பில் இறங்கினேன். மூலையை அடைத்தேன். தேவையில்லாத விசைகளைச் சாகடித்தேன். பக்கவாட்டு ஓட்டைகளில் பசையை ஊற்றினேன். கொஞ்சம் என் விரலிலும் ஊற்றிக்கொண்டு அரை நாள் ஒரு திருகாணியோடு ஒட்டியபடி அலைந்தேன். பெட்டிகளின் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டேன். கடைசியாக, கம்பெனிக்காரர்கள் கொடுத்த உறைய வைக்கும் ஏற்பாடு. அது எளிது மாமா. ஒரு மெஷினை எந்த நிலையில் உறைய வைக்கிறோமோ, தினமும் சுவிட்சைப் போட்டதும் அதே நிலையில்தான் எழுந்திருக்கும். பகலெல்லாம் யார் என்ன அட்டூழியம் செய்தாலும் காலையில் குளித்து முழுகி வந்த மாதிரி நிற்கும். மாதத்தின் முதல் தேதி, மதிய இடைவேளையில், கூடத்திலிருந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு என் அறைக்குப் போய் நான்கு மெஷின்களுக்கும் சேர்த்து ஒரே தட்டாகத் தட்டினேன். தட்டிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை உங்கள் மகன் கூடத்தைத் திறந்து மெயின் சுவிட்சைப் போட்டிருக்கிறான். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் 'வணக்கம், தொடங்குவதற்குத் தொடவும்' என்றன. மூன்றாவது மெஷினில் மட்டும் பாதி நிரப்பிய படிவம். பெயர்: ஒன்றுமில்லை. யாரைப் பார்க்க: தம்பியை. உறவு: அக்கா. சொல்ல வேண்டியது: 'நான் வந்திருக்கிறேன் என்று'. அதோடு சரி. அதற்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கிறது, மீதியை நினைத்துப் பார்க்கிற மாதிரி. அவன் அழித்துவிட்டான். மூன்றாம் தேதியும் அதே. அதையும் அழித்தான். நாலாம் தேதி என் அறைக்கு வந்து கதவோரம் நின்றான்.

"அத்தான், மூணாவது மெஷின்ல யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க."

"எப்போ?"

"நான் திறக்கறதுக்கு முன்னாடி."

"திறக்கறதுக்கு முன்னாடி எப்படிடா வருவாங்க?"

"அதைத்தான் உங்களைக் கேக்கறேன். நீங்கதானே பொறுப்பாளர்."

மாமா, நான் அவனைத்தான் சந்தேகப்பட்டேன். சாவி அவன் இடுப்பில். என்னைக் கிண்டல் செய்வதற்கு அவனுக்கு இருபது வருஷத்துக் காரணங்கள் இருக்கின்றன. என் கல்யாணத்தன்று நான் அவனுடைய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டதையே அவன் இன்னும் மறக்கவில்லை. "நீதானே அடிச்சே?" என்றேன். "உங்க மேல சத்தியமா இல்லை" என்றான். "என் மேல எதுக்குடா?" என்றேன். "வேற யார் மேல பண்ணாலும் பயமா இருக்கு அத்தான்" என்றான்.

விஷயம் கேன்டீன் வழியாகக் கண்காணிப்பாளர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் கேன்டீனில் தேநீர் ஆறிவிடும், செய்தி ஆறாது. கூப்பிட்டு அனுப்பினார். "பூட்டின கூடத்துல யாரு சார் உக்காந்து டைப் அடிக்கறது? சாவி யார்கிட்ட?" என்றார். சாவி என் மச்சினனிடம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியணும். தெரியலைன்னா சாவிக்காரரை அனுப்பிடறேன். உங்க சொந்தக்காரர்னு பாக்க மாட்டேன்." அந்த வெள்ளிக்கிழமைதான் நாளை.

அதன் பிறகு நான் செய்த காரியங்களை வரிசையாக எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சாட்சியம் முழுமையாக இருக்க வேண்டும் என்பீர்கள். பின்கதவுப் பூட்டின் மேல் அரக்கு வைத்து என் கையெழுத்துப் போட்டேன். எழுத்துப் பலகையின் குறுக்கே தையல் நூல் கட்டினேன். மூன்றாவது மெஷினைச் சுற்றி முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தரையில் தூவினேன், காலடி விழுந்தால் தெரியட்டும் என்று. மறுநாள் விழுந்தது காலடி அல்ல, ஆயாம்மா. எட்டடி தூரம் வழுக்கி வந்து முதல் வரிசை நாற்காலியைப் பிடித்து நின்றவர், "சார், என்னைக் கொல்லணும்னா நேரடியா சொல்லிடுங்க, நான் லீவு போட்டுடறேன்" என்றார். ஆனால் அவர் வழுக்குவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். பவுடரில் ஒரு தடம் இல்லை. நூல் அறவில்லை. அரக்கு உடையவில்லை. திரையில் 'நான் வந்திருக்கிறேன் என்று'.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் மூன்றாவது மெஷினின் எழுத்துப் பலகையையே கழற்றி வீட்டுக்குக் கொண்டு போனேன். உங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டு, கட்டில் இருக்கிற அறைக்குள் அது வரக்கூடாது என்றாள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு நானும் சின்னவனும் கூடத்தைத் திறந்து உள்ளே போனோம். ஆளில்லாத அந்தக் கூடத்தை நீங்கள் பார்த்ததில்லை. எண்பது நாற்காலிகள், ஒன்றோடொன்று சங்கிலி போட்டுக் கட்டியவை, எல்லாம் மெஷின்களைப் பார்த்தபடி. பினாயில் வாசனை. ஒரு நாற்காலியில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறை. மெஷின் திரைகள் கறுப்பாக இருக்கும்போது எண்பது நாற்காலியும் அதில் தெரிகின்றன. எந்த நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும், எண்ணக்கூடாது என்றும் தோன்றும். முதல் வரிசையில் இருவரும் உட்கார்ந்தோம். எழுத்துப் பலகை என் மடியில், வயர் சுற்றியபடி. நான் தலையாட்டினேன், அவன் எழுந்து போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தான்.

திரை வெளுத்தது. கம்பெனி முத்திரை வந்தது, போயிற்று. படிவம் திறந்தது. நாலு கட்டமும் காலி. சின்னவன் "அப்பாடா" என்றான். அவன் அப்பாடா முடிவதற்குள் இரண்டாவது கட்டத்தில் ஒரு 'த' வந்தது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு 'ம்'. பிறகு 'பி'. ஒரு எழுத்து, ஒரு இடைவெளி, அடுத்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற இடைவெளி. என் மடியில் இருந்த பலகையை நான் கீழே குனிந்து பார்த்தேன். எதுவும் அசையவில்லை. மூன்றாவது கட்டத்தில் 'அக்' என்று வந்தவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஆம்புலன்ஸ்தான் ஞாபகம்.

ஆயாம்மா கதவைத் திறந்தபோது உங்கள் மகன் மூன்றாவது மெஷினுக்கு நேர் எதிரே அமைதியாக உட்கார்ந்திருந்தானாம். நான் மெல்லத் திரும்பி வந்து, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "பயமா இல்லையாடா?" என்றேன். எனக்கு அப்படித்தான் வரும்.

"முதல்ல இருந்துச்சு. அப்புறம் பாவமா இருந்துச்சு அத்தான். 'வந்திருக்கிறேன்'ல ஒரு எழுத்து தப்பா வந்து, அழிஞ்சு, திரும்பச் சரியா வந்துச்சு."

அந்த எழுத்து விஷயத்தில் அவன் ஒருவன்தான் சாட்சி. நான் அப்போது வெளியே இருந்தேன் என்பதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முடிச்சை அவிழ்த்தது ஆயாம்மாதான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரையைப் படித்தார். "அட, இது அந்த அம்மா இல்ல?" என்றார்.

"எந்த அம்மா?"

"ஒண்ணாந் தேதி மத்தியானம் எல்லாரையும் விரட்டினீங்களே சார். அப்ப இந்த மெஷின்ல ஒரு அம்மா நின்னு ஒத்த விரலால தேடித் தேடி அடிச்சிட்டு இருந்தாங்க. 'ஒரு நிமிஷம்ப்பா, முடிச்சிடறேன்'னாங்க. நீங்க 'மூணு மணிக்கு வாங்கம்மா, மெஷின் எங்கயும் ஓடிடாது'ன்னு சொல்லி அனுப்புனீங்க."

"மூணு மணிக்கு வந்தாங்களா?"

"அது யாரு கண்டா. நான் மேல்மாடி துடைக்கப் போயிட்டேன்."

மாமா, அந்த அம்மாவின் முகம் எனக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லை. பசி மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. படிவத்தை மூடாமல் அவரை அனுப்பினேன். அவர் அடித்த அரைகுறை வாக்கியத்தோடு மெஷினை உறைய வைத்தேன். உள்ளே யாரும் நுழையக்கூடாது என்று கதவுக்கு மேல் கதவாக அடைத்தவன், ஏற்கெனவே உள்ளே இருப்பவரைக் கவனிக்கவில்லை. சாதாரண மெஷினில் அழித்தால் அழிந்ததுதான். உறைந்த மெஷினில் மட்டும்தான் அழித்தது மறுநாள் திரும்பி வரும். தினமும் வந்தது அதுதான். எழுத்து ஒவ்வொன்றாக வந்ததற்கு மெஷினின் வயதுதான் காரணம். நானும் காலையில் அப்படித்தான் ஒவ்வொரு உறுப்பாக எழுந்திருக்கிறேன். யாரும் நுழையவில்லை. தப்பு என்னுடையது, சாவியினுடையது அல்ல.

புதன்கிழமை கண்காணிப்பாளரிடம் போய் அப்படியே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக் கொடுங்க. கம்பெனிக்காரங்ககிட்ட அன்னைக்கு எந்தெந்த மெஷின் உறைஞ்சுதுன்னு அவங்க கணக்குல பதிவான பட்டியலை வாங்கி வெள்ளிக்கிழமை காலைல என் மேஜைல வையுங்க. நீங்க சொல்றதோட அது பொருந்தினா உங்க மச்சினன் இருக்கட்டும்" என்றார். எனக்கு மட்டும் இடமாற்றம், பிணவறைப் பதிவுக் கம்ப்யூட்டருக்கு. அங்கே அனுமதியில்லாமல் யாரும் நுழைய மாட்டார்கள் என்பது ஒரு வசதி.

அந்த அம்மாவைத் தேடிப் பார்த்தேன். அன்று உள்ளே நானூற்றுச் சொச்சம் நோயாளிகள். அவர்களில் யார் யாருக்குத் தம்பி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண்கள் வார்டு நர்ஸிடம், அக்கா வருவதாக இருந்து வராமல் போன நோயாளி யாராவது உண்டா என்று கேட்டேன். "சார், இங்க பாதிப் பேருக்கு யாருமே வரலை" என்று சொல்லிவிட்டு ஊசியோடு போய்விட்டார். இன்று காலை உங்கள் மகன், "அத்தான், சனிக்கிழமை இந்த மெஷினைச் சுத்தமா அழிச்சுப் புதுசாக்கறதுக்கு முன்னாடி, அந்த அம்மா வாக்கியத்தை முடிச்சாவது விடலாமா?" என்றான். எழுத்துப் பலகையைத் திரும்ப மாட்டினேன். அவனே 'சொல்லுங்கள்' என்று அடித்து, அனுப்பு என்பதைத் தொட்டான். 'எந்த வார்டு?' என்று மெஷின் கேட்டது. அது எங்கள் இருவருக்கும் தெரியாது. பிறகு வரிசையில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஆகவே மாமா, நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நாளை பத்து மணிக்கு அந்தப் பட்டியலை மேஜையில் வைத்ததும் அவன் வேலை நிலைத்துவிடும். அவன் மனைவியிடம் நாங்கள் இருவரும் இதுவரை எதுவும் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் தேவையிருக்காது. தாழ்ப்பாள் விஷயத்துக்கு அத்தை என்னை என்ன திட்டினாலும் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அவர்களுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் எல்லோருக்கும், இந்தத் தரம் சின்னவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக, உங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளைக் கட்டிய தைரியத்தை அத்தோடு செலவழித்துவிட்ட
மூத்த மருமகன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் கம்பெனியிலிருந்து பட்டியல் வந்தது. ஒரே ஒரு தாள். சின்னவன் வாசலில் நின்று, "வந்துடுச்சா அத்தான்? எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்கிறான். ஒன்றாவது மெஷின்: உறைந்தது. இரண்டாவது: உறைந்தது. நான்காவது: உறைந்தது. மூன்றாவது: உறைய வைக்காமல் விடப்பட்டது, காரணம், ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.